மரங்களைக் கொல்லும் பூஞ்சைகளும் அவற்றைப் பிடிக்கும் வைரஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூஞ்சைக்கும் வைரஸ் தொற்றுமா?

தொற்றும். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு காளான் பண்ணையில் காளான்கள் கோணலும் மாணலுமாக முளைத்தன, விளைச்சல் விழுந்தது. அதே நோய் வேறு நாடுகளிலும் தலைகாட்டியது. 1962இல் பிரிட்டனில் ஹோலிங்ஸ் என்ற ஆய்வாளர் அப்படி நோயுற்ற காளான்களுக்குள் வைரஸ் துகள்கள் இருப்பதைக் காட்டினார். பூஞ்சை வைரஸ்களைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகு தேடிய இடமெல்லாம் கிடைத்தன: ஈஸ்ட்டில், பயிர் நோய்ப் பூஞ்சைகளில், மரங்களின் வேரை அழுக வைக்கும் பூஞ்சைகளில். இவற்றை மைக்கோவைரஸ் என்றும் சொல்வார்கள்.

விலங்குகளின் வைரஸ்களிலிருந்து இவை ஒரு விஷயத்தில் அடியோடு மாறுபட்டவை. பெரும்பாலானவற்றுக்கு வெளியுலக வாழ்க்கையே கிடையாது. காற்றிலோ நீரிலோ கிடந்து, புதிய பூஞ்சை வந்ததும் தொற்றிக்கொள்வதில்லை. ஒரு பூஞ்சை இழை இன்னொன்றோடு இணையும்போது உள்ளிருக்கும் சாறோடு சேர்ந்து நகரும். இல்லாவிட்டால் ஸ்போர்களுக்குள் உட்கார்ந்து அடுத்த தலைமுறைக்குப் போகும். சிலவற்றுக்குப் புரத உறைகூட இல்லை, வெறும் ஆர்.என்.ஏ. மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதி கேள்விகளுக்கு விடை இதிலிருந்துதான் வருகிறது.

வைரஸ் பிடித்த பூஞ்சை மெதுவாகத்தானே வளரும்?

எல்லோரும் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். உண்மையில், பெரும்பாலான பூஞ்சை வைரஸ்களால் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் நடப்பதில்லை. வைரஸ் இருக்கும், பூஞ்சை பாட்டுக்கு வளரும், மரம் பாட்டுக்குச் சாகும். சில வைரஸ்கள் வளர்ச்சியைக் கொஞ்சம் குறைக்கும், மிகச் சில அடியோடு முடக்கிவிடும். ஒரு சில, சில சூழல்களில் வளர்ச்சியைக் கூட்டவும் செய்யும்.

இதில் குழப்பம் என்னவென்றால், ஒரே வைரஸ் ஒரே இனத்தின் இரண்டு தனியன்களுக்குள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வெப்பநிலை மாறினால் விளைவும் மாறும். பூஞ்சை சத்தான ஊடகத்தில் (ஆய்வகத்தில் பூஞ்சைக்குத் தரும் உணவுக் கலவையில்) வளர்கிறதா, மரத்தூளில் வளர்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். ஆகவே “இந்த வைரஸ் வளர்ச்சியைக் குறைக்கும்” என்று மொட்டையாகச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால், எந்தப் பூஞ்சையில், எந்த ஊடகத்தில், எத்தனை டிகிரியில் என்று கேட்பது நல்லது.

வளர்ச்சியை எப்படி அளக்கிறார்கள்?

ஆய்வகத்தில் அது மிக எளிமையான வேலை. அகார் ஊற்றிய பெட்ரி தட்டின் நடுவில் பூஞ்சை வளர்ந்திருக்கும் ஒரு சிறு துண்டை வைப்பார்கள். இருட்டில், நிலையான வெப்பநிலையில் விட்டுவிட்டு, தட்டின் அடிப்பக்கத்தில் பேனாவால் தினமும் விளிம்பைக் குறிப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம், அவற்றின் சராசரி, நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கு வந்துவிடும்.

ஆனால் அந்த எண் சொல்வது கிடைமட்டப் பரவலை மட்டும்தான். இழைகள் அடர்த்தியாக இருக்கின்றனவா, சல்லடை போல் கிடக்கின்றனவா என்று அது சொல்லாது. அதற்குப் பூஞ்சையை உலர்த்தி எடை போட வேண்டும். ஸ்போர் எண்ணிக்கை, நிறமி, மரத்தைச் செரிக்கும் நொதிகள் ஒவ்வொன்றுக்கும் தனி அளவீடு உண்டு. கடைசியாக, உயிருள்ள மரத்தில் பட்டைக்கு அடியில் வைத்து, புண் எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தட்டில் கிட்டத்தட்ட இயல்பாக வளரும் பூஞ்சை மரத்தில் சுருண்டு போவதும் உண்டு. தட்டில் தள்ளாடுவது மரத்தில் பிழைத்துக்கொள்வதும் உண்டு. என்னைக் கேட்டால், மரத்தில் சோதிக்காத வளர்ச்சி எண்களை வைத்து நோய்க் கட்டுப்பாடு பற்றிப் பேசவே கூடாது.

மாற்றத்துக்குக் காரணம் வைரஸ்தான் என்று எப்படி உறுதியாகத் தெரியும்?

காட்டிலிருந்து எடுத்த பத்துப் பூஞ்சைகளில் வைரஸ் உள்ளவை மெதுவாக வளர்கின்றன என்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. அவை பிறவியிலேயே மெதுவானவையாக இருக்கலாம். ஒரே மரபணு அமைப்புள்ள பூஞ்சையை வைரஸோடும் வைரஸ் இல்லாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

வைரஸை நீக்க, இழையின் நுனியை மட்டும் வெட்டி வளர்ப்பார்கள், ஒற்றை ஸ்போரிலிருந்து வளர்ப்பார்கள், வெப்பம் கொடுப்பார்கள், ரிபாவிரின், சைக்ளோஹெக்சிமைடு போன்ற மருந்துகள் கலந்த ஊடகத்தில் வளர்ப்பார்கள். பல நேரம் வைரஸ் எதற்கும் மசியாது. திரும்பப் புகுத்துவது இன்னும் சிரமம்: நோயுற்றதையும் நலமானதையும் ஒரே தட்டில் அருகருகே வளரவிட்டு, இழைகள் இணைந்து வைரஸ் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

பூஞ்சைக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க நெடுங்காலம் ஈரிழை ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதே வழியாக இருந்தது. பூஞ்சை தன் இயல்பில் நீளமான ஈரிழை ஆர்.என்.ஏ.வை அதிகம் வைத்திருக்காது, அதனால் அது தட்டுப்பட்டால் வைரஸ் மேல் சந்தேகம் விழும். இப்போது மொத்த ஆர்.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி, கணினியில் தேடுகிறார்கள். வைரஸ்களின் பட்டியல் மளமளவென்று நீள்கிறது. அவை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்ற பட்டியல் அந்த வேகத்தில் நீளவில்லை.

வைரஸால் ஒரு மர நோய் உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா?

அடங்கியிருக்கிறது. இந்தத் துறையில் யார் பேசினாலும் வந்து நிற்கும் இடம் செஸ்ட்நட் கருகல் நோய்.

நோய்க்குக் காரணம் கிரைஃபோனெக்ட்ரியா பாராசிடிகா என்ற ஆசியப் பூஞ்சை. சீன, ஜப்பானிய செஸ்ட்நட் மரங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். அமெரிக்க செஸ்ட்நட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1904இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் முதலில் கண்ணில் பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் கிழக்கு அமெரிக்கக் காடுகளில் முன்னூறு, நானூறு கோடி மரங்கள் போயின. காயத்தின் வழியாக நுழையும் பூஞ்சை, பட்டைக்கு அடியில் விசிறி போல் விரிந்து, மரத்தைத் தடிக்க வைக்கும் கேம்பியம் அடுக்கைக் கொன்று, தண்டைச் சுற்றி வளைக்கும். வளையம் முடிந்ததும் அதற்கு மேலே உள்ளது காயும். வேர் மட்டும் சாகாது. தளிர் விடும், தளிர் கொஞ்சம் தடித்ததும் அதையும் பூஞ்சை பிடிக்கும்.

1938இல் அதே நோய் இத்தாலியில் ஜெனோவா அருகே தென்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கதைதான் நடக்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1950களின் தொடக்கத்தில் அந்தோனியோ பிராகி என்ற இத்தாலிய நோயியலாளர், சில மரங்களில் புண்கள் தாமாக ஆறுவதைக் கவனித்தார். பூஞ்சை சாகவில்லை, மேல்பட்டையோடு நின்றுவிட்டது. மரம் அதற்கு அடியில் புதுத் திசுவை வளர்த்து மூடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட புண்ணைத் தொட்டுப் பார்த்தால் வீங்கி, சொரசொரப்பாக, வெடிப்பு விட்டிருக்கும்; கொல்லும் புண்ணோ உள்வாங்கிக் குழிந்திருக்கும். பட்டையைச் சீவினால் வித்தியாசம் இன்னும் தெளிவு: ஒன்றில் உள்ளே பழுப்பாகச் செத்துக் கிடக்கும், மற்றதில் வெள்ளையும் பச்சையுமாக உயிர் இருக்கும்.

பிரான்சின் ஜான் கிராந்த் அந்த ஆறும் புண்களிலிருந்து பூஞ்சையை எடுத்து வளர்த்தார். வழக்கமான பூஞ்சை தட்டில் ஆரஞ்சு நிறத்தில் வரும். இது வெள்ளையாக வந்தது, ஸ்போர் குறைவாக விட்டது. இரண்டையும் ஒரே புண்ணில் வைத்தால் கொல்லும் பூஞ்சையும் சாதுவாகிவிட்டது. ஏதோ ஒன்று இழைகள் வழியே கடந்து போகிறது என்று 1960களிலேயே புரிந்துவிட்டது. அது என்ன என்று தெரிய 1977 வரை ஆனது: அமெரிக்காவில் கனெக்டிகட் ஆய்வாளர்கள், வீரியம் குறைந்த பூஞ்சைகளில் ஈரிழை ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். 1992இல் சோய், நஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்த வைரஸின் முழு மரபுத் தொகுதியின் நகலை நலமான பூஞ்சைக்குள் செலுத்தி, அதுவே வீரியத்தைக் குறைக்கிறது என்று நிறுவினார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் என்றால் அது. வைரஸின் பெயர் கிரைஃபோனெக்ட்ரியா ஹைப்போவைரஸ் 1, சுருக்கமாக சி.எச்.வி.1.

அந்த வைரஸ் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறதா?

அதுதான் சுவாரசியம். நிறுத்துவதில்லை. சி.எச்.வி.1 பிடித்த பூஞ்சை தட்டில் நன்றாகவே பரவும். குறைவது வேறு: நிறமி, ஸ்போர், பெண் வழி இனப்பெருக்கம், மரத்தைக் கொல்லும் திறன். இந்த வைரஸ் பூஞ்சை செல்லின் உள் சமிக்ஞைப் பாதைகளில் கை வைக்கிறது. வெளியிலிருந்து வரும் தகவலைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம் ஒன்றின் அளவு குறைகிறது. லாக்கேஸ் என்ற நொதியும், செல்சுவரில் சேரும் கிரிப்பாரின் என்ற புரதமும் குறைகின்றன. கொல்லும் பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டைத் திசுவைத் தளர்த்தும். வீரியம் குறைந்தவை அதைச் செய்வதில்லை என்று 1983லேயே காட்டியிருக்கிறார்கள்.

ஆக, பூஞ்சை பரவுகிறது, ஆனால் மரத்தின் தற்காப்பை முந்தும் அளவுக்கு அல்ல. மரத்துக்கு அவகாசம் கிடைக்கிறது. தட்டில் மில்லிமீட்டர் அளந்துகொண்டு மட்டும் இருந்திருந்தால் இந்த வைரஸின் அருமை தெரியாமலே போயிருக்கும்.

பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும் தற்காப்பு அதற்கு உண்டு. அந்த வெட்டும் நொதிக்கான டி.சி.எல்.2 மரபணுவை நீக்கினால், அதே வைரஸ் பூஞ்சையைப் படுமோசமாக முடக்குகிறது. சி.எச்.வி.1 தன் பங்குக்கு, பி29 என்ற புரதத்தை வைத்து அந்தத் தற்காப்பை மழுங்கடிக்கிறது. நாம் தட்டில் பார்க்கும் வளர்ச்சி வேகம் இந்த இழுபறியில் கிடைக்கும் சமரசப் புள்ளிதான்.

ஐரோப்பாவில் பலித்தது அமெரிக்காவில் ஏன் பலிக்கவில்லை?

வைரஸ் நகர இழைகள் இணைய வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? எந்த இழை எதனோடு இணையலாம் என்பதைப் பூஞ்சையின் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. செஸ்ட்நட் பூஞ்சையில் இதற்கு ஆறு மரபணு இடங்கள் அறியப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு வகை என்றால் 64 வகைக் குலங்கள். ஒரே குலத்தைச் சேர்ந்தவை தாராளமாக இணையும். வேறு குலத்து இழையோடு இணைந்தால் இணைந்த இடத்துச் செல்கள் உடனே செத்துவிடும். தட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். வைரஸ் அந்தக் கோட்டைத் தாண்டுவது கடினம். எந்த மரபணுவில் வேறுபாடு என்பதைப் பொறுத்துச் சில ஜோடிகளில் அவ்வப்போது தாண்டும்.

ஐரோப்பாவுக்குப் போன பூஞ்சையில் குல வகைகள் குறைவு. பல வட்டாரங்களில் ஒன்றிரண்டு குலங்களே மிகுந்திருக்கின்றன. வைரஸ் ஒரு புண்ணிலிருந்து அடுத்ததற்குத் தங்குதடையின்றிப் போகிறது. கிழக்கு அமெரிக்காவிலோ ஒரு சிறு காட்டுக்குள்ளேயே ஏகப்பட்ட குலங்கள். வைரஸைக் கொண்டு வைத்த புண் ஆறும், பக்கத்துப் புண்ணுக்கு அது போய்ச் சேராது.

இன்னொரு தடையும் உண்டு. பாலினச் சேர்க்கையில் உருவாகும் ஆஸ்கோஸ்போர்களுக்குள் சி.எச்.வி.1 போவதே இல்லை. காற்றில் தொலைதூரம் பறப்பவை அவைதான். பாலினச் சேர்க்கை இல்லாமல் உருவாகும் கொனிடியா ஸ்போர்களில் மட்டும் வைரஸ் போகும், அதுவும் ஒரு பகுதியில். பூஞ்சையின் பாலினச் சேர்க்கை நடக்க நடக்க, வைரஸ் இல்லாத சந்ததியும் புதுப்புதுக் குலங்களும் சேர்ந்து பிறக்கின்றன.

மரத்தின் பங்கும் இருக்கிறது. ஐரோப்பிய செஸ்ட்நட் அமெரிக்க மரத்தைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவிலும் அங்கங்கே விதிவிலக்குகள் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் சில தோப்புகள் தாமாகத் தேறின, அங்கே வேலை செய்தது சி.எச்.வி.3 என்ற வேறொரு வைரஸ். விஸ்கான்சினில் வெஸ்ட் சேலம் என்ற இடத்துத் தோப்பில் 1990களிலிருந்து வைரஸைப் புகுத்தி வந்தார்கள். கிடைத்தது கலவையான பலன்தான்.

எல்ம் மரங்களைக் கொன்ற நோயிலும் வைரஸ் உண்டா?

உண்டு, ஆனால் அங்கே கதை வேறு. டச்சு எல்ம் நோயின் இரண்டாவது அலையைக் கொண்டு வந்தது ஒஃபியோஸ்டோமா நோவோ-உல்மி. பிரிட்டனில் மட்டும் சுமார் 2.5 கோடி எல்ம் மரங்கள் போயின. 1980களில் கிளைவ் பிரேசியர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், இந்தப் பூஞ்சையின் சில வளர்ப்புகள் ஒழுங்கான வட்டமாக வராமல், ஓரம் பிய்ந்து, அமீபா போல் கோணலாக, மெதுவாக வளர்வதைக் கண்டார். அந்த நோய், தொட்ட நலமான பூஞ்சைக்கும் தாவியது. காரணியை டி-காரணி என்று அழைத்தார்கள்.

பிறகு தெரிந்தது: அவை மைட்டோவைரஸ்கள். பூஞ்சை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே குடியிருப்பவை. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் இடம். நோயுற்ற பூஞ்சைகளில் சுவாசத்துக்கு வேண்டிய சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதி குறைந்திருந்தது. மூச்சு குறைந்தால் வளர்ச்சி குறையத்தானே செய்யும். ஒரே பூஞ்சைக்குள் பல மைட்டோவைரஸ்கள் ஒன்றாகக் குடியிருப்பதும் இங்கே சகஜம்.

நோயின் போக்கில் இதற்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. பட்டை வண்டுகள் ஸ்போர்களைச் சுமந்து வந்து, இளங்கிளைகளைக் கடிக்கும் காயத்தில் விடுகின்றன. வைரஸ் பிடித்த பூஞ்சையின் ஸ்போர்கள் பல முளைப்பதே இல்லை. அதனால் தொற்று ஏற்பட முன்னைவிடப் பன்மடங்கு ஸ்போர்கள் தேவைப்படுகின்றன, வண்டு அவ்வளவு சுமப்பதில்லை. ஒருமுறை மரத்துக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. ஆக, இந்த வைரஸ் நோயை வாசலில் தடுக்கப் பார்க்கிறது.

ஆனாலும் எல்ம் பிழைக்கவில்லை. நோய் புதிய பகுதிக்குள் பாயும்போது பூஞ்சை பெரும்பாலும் ஒரே குலமாக இருக்கும். அந்தக் கட்டத்தில் வைரஸ் வேகமாகப் பரவும். கொஞ்ச ஆண்டுகளில் பூஞ்சைக்குள் பல குலங்கள் தோன்றி, வைரஸுக்கு வழி அடைபடும். பல குலங்களாகப் பிரிந்த பூஞ்சை தப்பியது, ஒரே குலமாக இருந்தது வைரஸில் சிக்கியது என்று இதைப் படிக்கலாம். அதாவது வைரஸே பூஞ்சையைப் பல குலங்களாகப் பிரியத் தூண்டியிருக்கிறது என்பது பிரேசியர் போன்றோரின் கருத்து. எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

ஊசியிலை மரங்களின் வேர் அழுகலில்?

ஹெட்டரோபேசிடியான் என்ற பூஞ்சை இனங்கள் ஸ்ப்ரூஸ், பைன் மரங்களின் வேரையும் அடிமரத்தையும் அழுக வைக்கும். வடக்கு அரைக்கோளத்தின் மரத்தொழிலுக்கு இதைவிடப் பெரிய பூஞ்சைத் தலைவலி இல்லை. ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி யூரோ இழப்பு என்பது 1990களின் மதிப்பீடு. புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் மேல் ஸ்போர் விழும், வேருக்கு இறங்கும், வேரோடு வேர் உரசும் இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவும். அடிக்கட்டைக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

இதில் ஏறக்குறைய ஆறு, ஏழு தனியன்களில் ஒன்றுக்கு வைரஸ் உண்டு. அவற்றில் அதிகம் காணப்படுவது ஹெட்டரோபேசிடியான் ஆர்.என்.ஏ. வைரஸ் 6. அதன் விளைவைச் சோதித்தவர்களுக்குச் சில வைரஸ்-பூஞ்சை ஜோடிகளில் பூஞ்சைக்கு நட்டம், சிலவற்றில் லாபம், பலவற்றில் ஒன்றுமில்லை என்று கலந்தே கிடைத்தது. நோய்க் கட்டுப்பாட்டுக்கு இதை நம்ப முடியாது.

மாறாக, 2018இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஹெட்டரோபேசிடியான் பார்ட்டிட்டிவைரஸ் 13 வேறு ரகம். பூஞ்சையின் வளர்ச்சி கடுமையாகச் சரிகிறது, வேறு ஹெட்டரோபேசிடியான் இனத்துக்குள் புகுத்தினாலும் சரிகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் இயக்கம் மாறுகிறது. சர்க்கரை, அமினோ அமில வளர்சிதை மாற்றங்களைப் பார்த்தால் பூஞ்சை பட்டினி கிடப்பது போல் நடந்துகொள்கிறது, சுற்றிலும் உணவு இருந்தும்.

இங்கே ஒரு முரண்பாடு வருகிறது. மெதுவாக வளரும் பூஞ்சை அடுத்த பூஞ்சையைச் சென்று தொடுவதும் மெதுவாகத்தான். அதனால் பூஞ்சையை அதிகம் முடக்கும் வைரஸ் தன் பயணத்தையும் சேர்த்து முடக்கிக்கொள்கிறது. நல்ல ஆயுதமாகத் தெரியும் வைரஸ் காட்டில் நிலைக்காது. நிலைக்கும் வைரஸ் பெரும்பாலும் பெரிய ஆயுதம் அல்ல. சி.எச்.வி.1 இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக வந்து உட்கார்ந்த அபூர்வம். “அடுத்த சி.எச்.வி.1” கிடைத்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் பார்ப்பது வைரஸ் எவ்வளவு முடக்குகிறது என்பதை அல்ல, முடக்கிய பிறகும் அது எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான்.

ஆஷ் மரங்கள் காயும் நோயில்?

இந்த நோய்க்குக் காரணமான ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் பூஞ்சையில் ஒரு மைட்டோவைரஸ் மிகப் பரவலாக இருக்கிறது. இருந்தும் ஐரோப்பிய ஆஷ் மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்கின்றன. இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

ஒரு பூஞ்சைக்குள் இரண்டு மூன்று வைரஸ்கள் சேர்ந்தால்?

சில சமயம் ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிடும். செஸ்ட்நட் பூஞ்சையில் சி.எச்.வி.1இன் பி29 புரதம் தற்காப்பை மழுங்கடிப்பதால், மைக்கோரியோவைரஸ் 1 என்ற இன்னொரு வைரஸ் அதிகமாகப் பெருகுகிறது. சில சமயம் ஒன்றையொன்று தடுக்கும். பழமரங்களின் வேரை அழிக்கும் ரோசெல்லினியா நெக்காட்ரிக்ஸில் 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள்: சொந்த உறை இல்லாத ஒரு வைரஸ், வேறொரு வைரஸின் உறைக்குள் புகுந்து குடியிருக்கிறது. வெளிநோக்குக்கு ஒரே “நோய்”, உள்ளே இருவர்.

வைரஸால் பூஞ்சைக்கு நன்மையும் உண்டா?

உண்டு. ஈஸ்ட்டில் ஒரு வைரஸ் கூட்டணி, போட்டி ஈஸ்ட்டுகளைக் கொல்லும் நச்சை உற்பத்தி செய்ய உதவுகிறது. வைரஸ் போனால் அந்த ஆயுதமும் போகும். மர நோய்ப் பூஞ்சைகளில் இதை நினைவில் வைக்க வேண்டும். தட்டில் வேகத்தைக் கூட்டிய வைரஸை யாரும் காட்டில் விட்டுவிடக் கூடாது அல்லவா?

ஃபைட்டாஃப்தொரா பூஞ்சைதானா?

இல்லை. பார்வைக்குப் பூஞ்சை போல் இருந்தாலும் அது ஊமைசீட்டு என்ற தனிக் குழு. பல மரங்களின் வேரை அழிப்பது அது என்பதால் பேச்சு எப்போதும் அங்கே வந்து சேரும். அதிலும் வைரஸ்கள் இருக்கின்றன. ஃபைட்டாஃப்தொரா காக்டோரம் என்ற இனத்தில் உள்ள புன்யாவைரஸ் வகை வைரஸ்கள் வளர்ச்சியையும் ஸ்போர் உற்பத்தியையும் பாதிப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உருளைக்கிழங்கு கருகலை உண்டாக்கும் இனத்தில் ஒரு வைரஸ் ஸ்போர் உற்பத்தியைக் கூட்டுகிறது.

இந்த வைரஸ்கள் மரத்துக்கோ மனிதருக்கோ தொற்றுமா?

மனிதருக்கு ஆபத்து என்று எதுவும் தெரியவரவில்லை. மரத்துக்குள்ளும் அவை பூஞ்சைக்குள்தான் வாழ்கின்றன. தாவர வைரஸுக்கும் பூஞ்சை வைரஸுக்கும் நடுவில் உள்ள சுவர் மட்டும் நாம் நினைத்த அளவுக்குத் திடமில்லை. வெள்ளரி மொசைக் வைரஸ் என்ற தாவர வைரஸ், ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சைக்குள் இயற்கையாகவே இருந்ததை 2017இல் கண்டார்கள்.

களத்தில் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

வைரஸைத் தனியாகப் புட்டியில் அடைத்துத் தெளிக்க முடியாது, அதற்கு வெளி வாழ்க்கை இல்லை. அதனால் வைரஸ் உள்ள பூஞ்சையையே மருந்தாக வளர்ப்பார்கள். செஸ்ட்நட் மரத்தில் புண்ணின் ஓரத்தைச் சுற்றி, உயிருள்ள பட்டையில் சிறு துளைகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தப் பூஞ்சைக் கூழை அடைத்து மூடுவார்கள். உள்ளே இருக்கும் கொல்லும் பூஞ்சை வெளியே பரவ வரும்போது, துளைக்குத் துளை சாதுப் பூஞ்சையோடு முட்டி இணையும், வைரஸ் உள்ளே போகும். அதற்கு முன் அந்தத் தோட்டத்தில் எந்தக் குலங்கள் இருக்கின்றன என்று சோதித்து, அதே குலத்துச் சாதுப் பூஞ்சையைக் கலக்க வேண்டும். பிரான்சில் கிராந்த் தொடங்கிய திட்டம் இந்த வழியில்தான் நடந்தது. பழத்தோட்டத்தில் கட்டுப்படியாகும் வேலை. மலைச்சரிவுக் காட்டில் ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் போக முடியாது, அங்கே வைரஸ் தானே பரவினால்தான் உண்டு.

அமெரிக்கத் தடையை மரபணு வழியில் உடைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1994இல் கனெக்டிகட்டில், வைரஸின் மரபுத் தொகுதியின் நகலைத் தன் குரோமோசோமில் சுமக்கும் பூஞ்சையைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் ஆஸ்கோஸ்போர்களுக்குள்ளும் வைரஸ் போய்ச் சேரும். 2016இல் ஷாங், நஸ் இருவரும் குல வேறுபாட்டை அமல்படுத்தும் மரபணுக்கள் பலவற்றை முடக்கி, எந்தக் குலத்துக்கும் வைரஸைக் கடத்தவல்ல பூஞ்சையை உருவாக்கினார்கள். சூப்பர் டோனர் என்று பெயர். ஆய்வகத்தில் அது கோடுகளைத் தாண்டுகிறது. மரங்களில் வைத்தும் சோதிக்கிறார்கள். ரோசெல்லினியாவில் இதற்கு இன்னும் எளிய வழி கிடைத்தது: துத்தநாகச் சேர்மத்தை ஊடகத்தில் கலந்தால், வேறு குலத்து இழைகள் இணையும் இடத்தில் செல் சாவு தணிந்து, வைரஸ் கடந்துபோகிறது. ஆனால் அது ஆய்வகத்தில் வைரஸை இடம் மாற்ற உதவும் உத்திதான். காட்டு மண்ணில் துத்தநாகத்தைக் கொட்ட முடியாது.